திரைக்குப் பின்னால் பாடிய சிறுமி



செலாயாங்கில் ஒரு டேவானில் எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கின் ஓர் அங்கத்தைப் பதிவு செய்து கொண்டிருந்தோம். நாடக மேடையில் தொடங்கி, வெள்ளித்திரைக்குப் போய், பிறகு சின்னத்திரைக்கும் வந்த மூத்த கலைஞர்களைப் பற்றிய அங்கம் அது. நான் பேச எடுத்துக்கொண்டது ஆச்சி மனோரமாவை. பேச்சைத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"அக்கா, ஆச்சி எப்பவாச்சும் ஹீரோயினா நடிச்சிருக்காங்களா? இல்ல, பொறந்ததே அம்மாவாத்தானா?"

டேவான் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் நான் சிரித்ததற்குக் காரணம் வேறு. பதில் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை! கையில் இருந்த குறிப்புத்தாளைப் புரட்டுவதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொஞ்சும் குமரி. அறுபத்து மூணுல வந்த படம்மா."

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். செலாயாங் பாசார் போரோங்கில் பல வருடம் காய்கறி வியாபாரம் செய்தவராம். அதற்கு முன்னால் ரவாங் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்து நாடகங்களில் ஸ்திரீபார்ட் போட்டவரும்கூட என்பது இடைவேளையில் தேநீர் குடிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் பேசியதையும், நேரம் போதாமல் விட்டுவிட்டதையும், அந்தப் பெரியவர் சொன்ன சிலவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு பாவமன்னிப்பு. 2015 அக்டோபர் 10-ஆம் தேதி மனோரமா சென்னையில் காலமானபோது நான் தொலைக்காட்சித் துறைக்குப் புதிது. அஞ்சலித் தொகுப்பு ஒன்றை அவசரமாகச் செய்யச் சொன்னார்கள். மொத்தம் நான்கு நிமிடம். நான் தேடி எடுத்ததெல்லாம் அழுகிற அம்மாக்கள்தான். மகனை நினைத்து அழும் அம்மா, மகனுக்காக அடிவாங்கும் அம்மா, மருமகளைப் பார்த்து ஏங்கும் அம்மா. பின்னணியில் ஒரு வயலின். முடித்துவிட்டேன். பார்த்தவர்கள் கண்கலங்கியதாகச் சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்த ஒரு நகைச்சுவை நடிகையின் அஞ்சலியில் ஒரு சிரிப்புகூட இல்லை என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. செலாயாங் தங்கையின் கேள்விக்கு என்னைப் போன்றவர்கள்தாம் காரணம். அவர் தலைமுறை பார்த்தது நாங்கள் வெட்டி ஒட்டிக் கொடுத்த ஆச்சியைத்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

மன்னார்குடியிலிருந்து பள்ளத்தூருக்கு

1937 மே 26-ஆம் தேதி மன்னார்குடியில் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாயார் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்குப் பிழைக்க வந்தார். வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். மகளின் பள்ளிப் படிப்பும் பாதியிலேயே நின்றது.

பள்ளத்தூர் என்றால் நம் கோலாலம்பூர்க்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். அது செட்டிநாட்டு ஊர். பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து கொண்டுவிற்கப் போன நகரத்தார்களின் ஊர்களில் ஒன்று. லெபோ அம்பாங்கில் மேசைப்பெட்டியை வைத்துக்கொண்டு வட்டிக்கணக்கு எழுதிய செட்டியார்களின் சொந்த பூமி அந்த வட்டாரம்தான். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய பெரிய பெரிய வீடுகள். அப்படிப்பட்ட ஊரில் அடுத்த வீட்டில் வேலை செய்து பிழைத்த ஒரு தாயின் மகளுக்குத்தான் பிற்காலத்தில் 'ஆச்சி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. செட்டிநாட்டில் அது வீட்டு எசமானியம்மாவை அழைக்கும் சொல். மனோரமா பிறப்பால் அந்தச் சமூகம் இல்லை. பேச்சில் இருந்த செட்டிநாட்டு வாடையால் வந்த பெயர். ஆனாலும் வேலைக்காரியின் மகளை ஊரே ஆச்சி என்று கூப்பிட்டதில் ஒரு கணக்கு நேராகிவிட்டது என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

சின்ன வயதிலேயே அவருக்குப் பாட்டு வந்தது. யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. காதில் விழுந்ததைப் பிடித்துப் பாடும் பிள்ளை. ஏறத்தாழ 12 வயதில் நாடகத்துக்கு எப்படி வந்தார் என்பதை அவரே பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பள்ளத்தூரில் ஒரு நாடகம் போட்டார்கள். பெண் வேடம் கட்டியவர் ஓர் ஆண். நடிப்பு வந்தது, பாட்டு வரவில்லை. ஊரில் நன்றாகப் பாடும் பிள்ளை ஒன்று இருக்கிறது என்று கூட்டி வந்தார்கள். அந்த ஆள் மேடையில் வாயசைக்க, திரைக்குப் பின்னால் நின்று சிறுமி பாடினாள். சினிமாவில் பின்னணி பாடுவது என்கிறோமே, அதைப் பள்ளத்தூர் கொட்டகையில் நேரடியாகவே செய்திருக்கிறார்! பிறகு, பின்னால் பாடுவானேன், முன்னாலேயே வரட்டும் என்று ஆனது. நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராசனும் சேர்ந்து 'மனோரமா' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் செலாயாங் பெரியவர் மறுபடி எழுந்தார். "நாங்களும் அப்படித்தாம்மா. திருவிழாவுக்கு நாடகம். பொம்பளைங்கள மேடை ஏத்த மாட்டாங்க. நான்தான் மீசைய எடுத்துட்டு ஏறுவேன். சேலை கிராணி வூட்டு அம்மா குடுக்கும். மறுநாள் பெரட்டுக்குப் போனா அத்தன பேரும் என்னைய 'அல்லி ராணி'ம்பாங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. அவர் உட்காரவில்லை. "சிரிப்பாங்க. ஆனா அடுத்த வருசமும் என்னையத்தான் கூப்பிடுவாங்க" என்று முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

காதால் கற்ற தொழில்

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நாடக உலகத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த நாடகங்கள்தாம் அதற்கு அஸ்திவாரம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வேடங்களுக்கே பார்ட் பெயர்கள். 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனி ஊரிலிருந்து வரவழைப்பார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்று இரவு மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனால் கதையும் பாட்டும் இருவருக்கும் மனப்பாடம். எதிரில் நிற்பவர் திடீரென்று ஒரு கேள்வி போட்டால் அந்த நொடியே பதில் வர வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைத் தரைடிக்கெட்டுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். விடிய விடிய நடக்கும். மேடையில் 'ரீடேக்' என்ற பேச்சே இல்லை.

எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் இந்த உலகத்தின் பிள்ளைகள். 1931-ல் தமிழ்ப் பேசும்படமாக 'காளிதாஸ்' வந்தபோது அதில் நாயகியாக நடித்த டி.பி.ராஜலட்சுமியும் நாடகத்திலிருந்து போனவர்தான். மனோரமா வந்த காலத்தில் அந்தப் பழைய உலகம் மங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் அதன் பயிற்சி முறை மாறவில்லை. புத்தகத்தைப் பார்த்துப் படித்ததைவிட அடுத்தவர் வாயிலிருந்து கேட்டுப் பிடித்ததுதான் அதிகம். பிற்காலத்தில் எந்த வசனத்தையும் ஒரு தடவை படிக்கக் கேட்டால் அப்படியே சொல்லிவிடுவார் என்று உடன் வேலை செய்தவர்கள் வியந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது. நான் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். குரல் ஏற்ற இறக்கம் பற்றி எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. இருந்தும் கண்ணாடித் திரையில் ஓடும் எழுத்து நின்றுபோனால் என் வாயும் நின்றுபோகும். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அடுத்து வந்த பள்ளிக்கூடம் வேறு மாதிரி. மனோரமாவின் திறமையைக் கண்ட எஸ்.எஸ்.ராஜேந்திரன் தம் நாடக மன்றத்தில் சேர்த்துக்கொண்டார். அது திராவிட இயக்கம் மேடையைத் தன் பிரச்சாரக் கருவியாக ஆக்கிக்கொண்ட காலம். சங்கரதாஸ் சுவாமிகள் வழி நாடகத்தில் பாட்டுதான் ராஜா. இங்கே வசனம் ராஜா. அடுக்குத்தொடர் வரும், எதுகை மோனை வரும், ஒரே மூச்சில் பேச வேண்டிய நீண்ட பத்திகள் வரும். கருணாநிதியின் 'மணிமகுடம்' நாடகத்தில் ராஜேந்திரனோடு நடித்தார். 'உதயசூரியன்' நாடகத்தில் கருணாநிதியே வேடம் கட்ட, அவரோடு நடித்தார். அண்ணாவோடும் மேடை ஏறினார். ஆக, பாட்டுப் பள்ளியில் குரலும், வசனப் பள்ளியில் உச்சரிப்பும். தமிழ்த் திரையில் இரண்டையும் முழுசாகக் கற்று வந்த நடிகைகள் அதிகம் பேர் இல்லை. அவர் வாயில் 'ழ' எங்கே வர வேண்டுமோ அங்கே வரும். வரக்கூடாத சென்னைத் தமிழில் தப்பித் தவறியும் வராது! கவனித்துப் பாருங்கள்.

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று அவரைப் பற்றி எப்போதும் சொல்வார்கள். மேடையில் அண்ணாவும் கருணாநிதியும், திரையில் எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, தெலுங்கில் என்.டி.ராமாராவ். வினாடி வினாவுக்கு நல்ல கேள்வி. அதற்குமேல் அதில் நான் நேரம் செலவழிக்க விரும்பவில்லை.

கவிஞர் கொடுத்த கணக்கு

சினிமா அவரை உடனே வாரி அணைத்துக்கொள்ளவில்லை. முதலில் ஒப்பந்தமான படங்கள் பாதியிலேயே நின்றுபோயின. பிறகு 1958-ல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் வாய்ப்பு வந்தது. நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நின்றவருக்கு அது இறங்கி வருவது போலத் தெரிந்திருக்கிறது. தயங்கினார். கண்ணதாசன் அப்போது சொன்ன யோசனையை மனோரமா கடைசி வரைக்கும் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார். கதாநாயகியாக நடித்தால் சில வருடங்களில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவைக்கு வந்தால் நீண்ட காலம் நிற்கலாம் என்பது அதன் சாரம்.

இதைக் கேட்டதும், கவிஞர் எவ்வளவு தீர்க்கதரிசி என்று நாம் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணின் திரை ஆயுள் சில வருடம்தான் என்று ஒரு தொழில் தீர்மானித்து வைத்திருந்தது. அதற்குள் மாட்டாமல் தப்பிக்க ஒரு சந்து இருக்கிறது என்று கவிஞர் காட்டினார். தொழிலை மாற்ற யாரும் முன்வரவில்லை. இருபது வயதுப் பெண் தன் அழகை ஒதுக்கி வைத்துவிட்டு வந்தால் அறுபது வயது வரைக்கும் சோறு உண்டு என்பதுதான் பேரம்.

அந்தச் சந்தும் அவ்வளவு அகலமில்லை. அவருக்கு முன்னால் நகைச்சுவையில் கொடி நாட்டிய பெண்களை எண்ணிப் பாருங்கள். டி.ஏ.மதுரம் என்றால் உடனே என்.எஸ்.கிருஷ்ணன். சி.டி.ராஜகாந்தம் என்றால் காளி என்.ரத்தினம். எம்.சரோஜா என்றால் தங்கவேலு. மூவரும் அபாரமான நடிகைகள். ஆனால் ஜோடியில் ஒரு பாதியாகத்தான் அவர்களை ரசிகர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். கிருஷ்ணனும் மதுரமும், தங்கவேலுவும் சரோஜாவும் வாழ்க்கையிலும் கணவன் மனைவி. மனோரமாவுக்கு அப்படி ஒரு நிரந்தர ஜோடி இல்லை. நாடகத்தில் உடன் நடித்தவரைத் திருமணம் செய்தார். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. கையில் ஒரு மகன், கூடவே தாயார். திரையில் நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று எதிரே நிற்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர் மட்டும் அதே இடத்தில் நின்றார். ஜோடி இல்லாமல், தன் ஒருத்தியின் பெயராலேயே நின்ற நகைச்சுவை நடிகை என்று பார்த்தால் தமிழில் அவர்தான் முதல் ஆள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதலாம்.

கல்லூரித் தங்கை கேட்ட 'கொஞ்சும் குமரி'க்கு வருகிறேன். 1963. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. மனோரமா கதாநாயகி! யேசுதாசின் குரல் முதன்முதலாக ஒலித்து வெளிவந்த தமிழ்ப் படம் என்பதால் பாட்டு ரசிகர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். கவிஞர் போட்ட கணக்கை ஒரு தடவை மீறிப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு நாயகி வாய்ப்புகள் வரிசை கட்டவில்லை. அவர் மறுபடி சிரிப்புக்கே திரும்பினார்.

1968

ஒரு நடிகையின் வாழ்க்கையில் ஒரே ஒரு வருடத்தை எடுத்துக்கொள் என்று யாராவது என்னிடம் சொன்னால் மனோரமாவுக்கு நான் 1968-ஐ எடுப்பேன்.

அந்த வருடம்தான் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகட'னில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். சிவாஜி, பத்மினி, நாகேஷ், பாலையா... எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. நடுவில் ஜில் ஜில் ரமாமணி என்று ஊர் ஊராகப் போய் ஆடிப்பாடிப் பிழைக்கும் ஒரு நாடகக்காரி வருகிறாள். வருவது சில காட்சிகள்தாம். அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை இழுத்துப் பேசிக்கொண்டு வருபவள், நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டுவிட்டு, அவர் வாசிக்க வாசிக்கக் கண்கலங்கும் இடம் நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு அவளைப் பார்த்து நம்மால் சிரிக்க முடிவதில்லை.

அந்த வேடத்தை அவர் எங்கிருந்தும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. கொட்டகை வாழ்க்கையும், ஊராரின் இளக்காரமும், வித்தை தெரிந்த இன்னொருவரைக் கண்டால் வரும் பணிவும் அவர் பள்ளத்தூரிலிருந்து பார்த்து வந்தவை. மேடைக்காரிகளைச் சமூகம் எந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது என்பதை அந்தச் சில காட்சிகளில் ஒரு சரித்திரப் புத்தகம் அளவுக்குச் சொல்லிவிட்டார். பல மேடைகளில் தமக்கு மிகவும் பிடித்த வேடமாக அவர் இதையே குறிப்பிட்டதில் ஆச்சரியம் இல்லை.

அதே 1968-ல் 'பொம்மலாட்டம்' படத்தில் வி.குமார் இசையில், சோவை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு, சென்னைத் தமிழில் தன் சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடினார். இன்றைக்கும் நம் கல்யாண மண்டபங்களில் இசைக்குழுக்காரர்கள் அதை எடுத்தால் தாத்தா பாட்டிகள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். ஒரே வருடத்தில் ஒரு நாடகக்காரியும் ஒரு சென்னைப் பெண்ணும். இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாதவருக்குச் சொன்னால்தான் தெரியும். கொங்குத் தமிழோ, நெல்லைத் தமிழோ, அக்கிரகாரத்துத் தமிழோ, அவர் வேடத்துக்கு வேடம் முதலில் மாற்றியது புடவையை அல்ல, நாக்கை.

அம்மா என்ற கூண்டு

இனி நான் சொல்லப்போவது ஆச்சியின் ரசிகர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

எண்பதுகளுக்குப் பிறகு தமிழ் சினிமா அவரை அம்மாவாக்கியது. 'சின்னத் தம்பி' (1991), 'சின்ன கவுண்டர்' (1992) என்று அம்மா வேடங்கள் குவிந்தன. என் பாட்டி செலாயாங்கில் வாடகைக்கு எடுத்துவந்த வீடியோ கேசட்டுகளில் நான் பார்த்ததும் இந்த ஆச்சியைத்தான். 'சின்ன கவுண்ட'ரில் பல்லை எடுப்பாக வைத்துக்கொண்டு அவர் செய்த அட்டகாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே அம்மாவுக்குள்ளும் ஒரு கோமாளி உயிரோடு இருந்தாள். ஆனால் வேறு பல படங்களில் அவரைக் கூப்பிட்டது இடைவேளைக்குப் பிறகு அழ வைப்பதற்கு மட்டுமே. கிளிசரின் செலவு மிச்சம் என்று நினைத்தார்களோ என்னவோ! ஐந்து வட்டாரத் தமிழ் பேசத் தெரிந்தவருக்கு ஒரே மாதிரியான ஒப்பாரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஆயிரம் படம் என்ற எண்ணிக்கையைக் கொண்டாடும்போது, அதில் எத்தனை படங்கள் அவரை வீணடித்தன என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

விதிவிலக்குகள் உண்டு. மேடையிலிருந்து வந்த விசு, 1986-ல் ஏவி.எம்முக்காக எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்' அவற்றில் முதன்மையானது. அந்தப் படத்தில் அவர் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. வீட்டுப் பெண்ணின் வாழ்க்கைச் சிக்கலைத் தீர்க்க, சம்பந்தியைத் தன் வாய்ச் சாமர்த்தியத்தால் மடக்கி வழிக்குக் கொண்டுவருவாள். அந்தக் காட்சியில் கண்ணம்மா செய்வது அசல் மேடை நாடகம்தான். குரலை ஏற்றி இறக்கி, நிறுத்தி, தன்னைத் தானே அதட்டிக்கொண்டு, எதிரே இருப்பவரை வாயடைக்க வைத்துவிடுவார். பள்ளத்தூரில் வீடு வீடாக வேலை செய்து தன்னை வளர்த்த தாயை அவர் அந்தப் புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் படம் தேசிய விருதும் பெற்றது. மனோரமாவுக்கென்று சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது, பார்த்திபனின் 'புதிய பாதை' (1989) படத்துக்காகக் கிடைத்தது. திரைக்கு வந்து முப்பது வருடம் கழித்து! பத்மஸ்ரீ 2002-ல்.

ஒரு தேர்தலும் ஓர் 'அருணாச்சல'மும்

1996 தமிழகத் தேர்தலில் ரஜினிகாந்த் ஒரு பக்கம் நின்றார். மனோரமா ஜெயலலிதாவுக்காக மறு பக்கம் நின்று, பிரச்சார மேடைகளில் ரஜினியைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். முடிவு எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு அவரைத் தேடி வந்த படங்கள் நின்றுபோயின. நாற்பது வருடம் ஓயாமல் ஓடிய ஒருவருடைய வீட்டில் தொலைபேசி அடிக்கவில்லை. ஆச்சியே பின்னாளில் இதை மறைக்காமல் சொன்னார். தம் 'அருணாச்சலம்' (1997) படத்துக்கு அவரை அழைத்துத் திரும்பக் கொண்டுவந்தவர் ரஜினிதான்.

ரஜினி அதற்கு ஒரு காரணம் சொன்னார். 'பில்லா' படப்பிடிப்பின்போது, தாம் உடல்நலம் குன்றி மீண்டு வந்திருந்த நேரத்தில், கூட்டத்தில் யாரோ தம்மைக் கேலி பேச, அந்த ஆளை விரட்டாமல் நடிக்க மாட்டேன் என்று தமக்காக நின்றவர் மனோரமா என்றும், அந்தக் கைக்கு எத்தனை முறையும் அடிக்க உரிமை உண்டு என்றும் ஒரு விழா மேடையில் நினைவுகூர்ந்தார். நல்ல மனது. மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய நடிகர் மன்னித்தால்தான் அறுபதை எட்டிய ஒரு கலைஞருக்கு வேலை உண்டு என்ற நிலை எப்படி வந்தது என்ற கேள்வியை எந்த விழாவிலும் யாரும் கேட்கவில்லை.

நடு வீட்டுக்கு வந்த ஆச்சி

சென்னையில் தூர்தர்ஷன் 1975-ல் ஒளிபரப்பைத் தொடங்கியது. தனியார் அலைவரிசையாகச் சன் டிவி 1993-ல் வந்தது. நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பரிலேயே வந்துவிட்டாலும், நாள் முழுக்கத் தமிழ் என்பது 1996-ல் அஸ்ட்ரோவின் வானவில் வந்த பிறகுதான் நமக்குப் பழக்கமானது. மூத்த நடிகர்கள் பலர் சின்னத்திரைக்கு வருவதைக் கௌரவக் குறைச்சலாக எண்ணினார்கள். மனோரமாவுக்கு அந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. தொடர்களில் நடித்தார். மேடை நகைச்சுவையின் ஒரு மூச்சுப் பேச்சு சின்னத்திரையின் சின்ன அறைகளுக்குள்ளும் பொருந்திப் போனது. கொட்டகையில் விடிய விடிய நின்றவருக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து காட்சி எடுக்கும் தொடர் வேகம் புதிதா என்ன? 2013-ல் வந்த 'சிங்கம் 2' வரை அவர் முகம் பெரிய திரையிலும் இருந்தது.

இந்த இடத்தில் என் துறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு தொடரின் படப்பிடிப்புக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். பாட்டி வேடத்துக்கு நம் நாட்டு மூத்த நாடகக் கலைஞர் ஒருவரை வரச் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு முகப்பூச்சோடு உட்கார்ந்தவர் மாலை ஐந்து மணி வரைக்கும் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவருக்கு இரண்டே வரி வசனம். அதையும் கடைசியில் வெட்டிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. என்னிடம் வந்து, "பரவால்லம்மா, அடுத்த வாட்டி கூப்பிடுவாங்க" என்றார். அன்று நான் அவரைப் பேட்டி எடுத்திருக்கலாம். கதாநாயகியைத்தான் எடுத்தேன்.

மனோரமாவுக்கு இறுதி மரியாதை செலுத்த அன்றைய முதல்வர் ஜெயலலிதாவும், கருணாநிதியும், ரஜினியும், கமலும் வந்தார்கள். 78 வயது. இரண்டு எதிரெதிர்க் கட்சித் தலைவர்களும் ஒரே நாளில் அஞ்சலி செலுத்திய வீடு அது. நான்கு நிமிடத்தில் நான் முடித்த கதையும் அதுதான். அந்தத் தொகுப்பைப் போன வாரம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஜில் ஜில் ரமாமணிக்கு மூன்று நொடிகூட நான் கொடுக்கவில்லை.

செலாயாங் பதிவு முடிந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிவாங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் திரும்பும்போது காய்கறிக்காரப் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். நிகழ்ச்சியில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி அவரிடம் மிச்சம் இருந்தது.

"எல்லாம் நல்லாத்தாம்மா பேசுன. அந்தப் பள்ளத்தூர் நாடகத்துல பொம்பள வேசம் கட்டிக்கிட்டு, பாட வராம, வாய மட்டும் அசைச்சானே ஒருத்தன்... மறுநாள்லேந்து அந்தப் புள்ளையே முன்னால வந்துருச்சு. அவன் எங்கம்மா போனான்?"